இயக்குநர் ராஜினாமா கடிதம் கொடுத்தால் என்ன செய்வது?

காக்களூர் என்றதும் சிட்கோ தொழிற்பேட்டையும் ஆவின் பால் பண்ணையுமே பலருக்கு நினைவுக்கு வரும். தொழிற்பேட்டையைத் தாண்டினால் திருவள்ளூர் வட்டாரத்தில் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று நெல் சாகுபடி இன்றும் நடக்கிறது. இத்தகைய பகுதிகளில் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் பங்குதாரராகச் சேரும் சிறு விவசாயிகளே அதன் இயக்குநர்களாகவும் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். விதை, உரம் பற்றி நன்கறிந்த இவர்கள், உடன் இருக்கும் ஓர் இயக்குநர் ராஜினாமா கடிதத்தை நீட்டினால் திகைத்து விடுகின்றனர்.

“நாங்கள் ஏற்கவில்லை” என்று தீர்மானம் போட்டு அவரை நிறுத்தி வைக்கலாம் என்று சிலர் நினைக்கின்றனர். பொதுவான சபை நடைமுறையில் இதற்கு இடமுண்டு. அமெரிக்க ராணுவப் பொறியாளர் ஹென்றி ராபர்ட் 1876ல் வெளியிட்ட சபை விதிகளின் வழியில், ராஜினாமா என்பது பொறுப்பிலிருந்து விடுவிக்கக் கோரும் விண்ணப்பமே. சபை ஏற்ற பிறகே அது முடிவாகும்.

உற்பத்தியாளர் நிறுவனம் கம்பெனிச் சட்டத்தின் கீழ் வருவதால் அங்கு நிலைமை வேறு. 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 168ஆவது பிரிவின்படி, கடிதம் நிறுவனத்துக்குக் கிடைத்த நாள், அல்லது கடிதத்தில் குறித்துள்ள நாள், இவற்றில் எது பிந்தியதோ அன்றே ராஜினாமா நடைமுறைக்கு வந்துவிடும். குழு அதைப் பதிவு செய்து கொள்ள வேண்டியதுதான். மறுக்கும் அதிகாரம் கிடையாது.

ஆகவே கடிதம் வந்தவுடன் அதன் மீது தேதியிட்டுக் கையொப்பமிட்டுப் பெற்றுக் கொள்வது முக்கியம். தேநீர்க் கடையில் கோபத்தில் சொன்ன சொல் ராஜினாமா ஆகாது. அடுத்த கூட்டத்தில் கடிதத்தைப் படித்து, தேதியுடன் மினிட்ஸ் புத்தகத்தில் எழுத வேண்டும். காரணத்தைக் கிளறி வாதம் செய்வதால் பயனில்லை. ஆனால் கணக்கில் குறை என்று அவர் எழுதியிருந்தால், அதைத் தனிப்பொருளாக எடுத்து விசாரிப்பதே முறை. கடிதம் கிடைத்த 30 நாட்களுக்குள் டி.ஐ.ஆர்.-12 படிவத்தில் கம்பெனிப் பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டும். விலகுபவர் விரும்பினால் தாமே டி.ஐ.ஆர்.-11 படிவம் மூலம் காரணத்துடன் தெரிவிக்கலாம். எனினும், பதவியில் இருந்த காலத்தில் நடந்த குற்றங்களுக்கு அவருடைய பொறுப்பு விலகிய பின்னும் நீங்காது.

மனம் மாறினால்? அலகாபாத் உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் 1977 மே மாதம், ஆகஸ்ட் 1 முதல் விலகுவதாக எழுதி, ஜூலையில் கடிதத்தைத் திரும்பப் பெற்றார். அது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 1978ல் தீர்ப்பளித்தது. அவர் குறித்த நாள் அப்போது வந்திருக்கவில்லை என்பதே காரணம். யோசிக்க அவகாசம் வேண்டுவோர் பின்தேதி ஒன்றைக் குறித்து எழுதுவது நல்லது.

உற்பத்தியாளர் நிறுவனத்தில் குறைந்தது 5 இயக்குநர்கள் இருக்க வேண்டும். குழுக் கூட்டத்துக்குக் குறைந்தது 3 பேர் வர வேண்டும். ஐவரே உள்ள இடத்தில் ஒருவர் விலகினால் கூட்டம் நடத்தலாம், ஆனால் சட்டம் கேட்கும் எண்ணிக்கை குறைந்துவிடும். காலியிடத்தை யார் நிரப்புவது என்பதை நிறுவனத்தின் விதிகளில் பார்த்துத் தாமதமின்றிச் செய்ய வேண்டும். பால் கூட்டுறவுச் சங்கங்களுக்குக் கூட்டுறவுச் சட்டமும் சங்கத்தின் துணைவிதிகளும் பொருந்துமே தவிர, மேலே கூறியவை அல்ல.

பலர் மறந்துவிடுவது வங்கியை. விலகியவர் காசோலையில் கையெழுத்திடும் இருவரில் ஒருவராக இருந்தால், சொர்ணவாரி நெல்லைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் உறுப்பினர்களுக்குப் பணம் போகாது. கடிதம் பதிவாகும் அதே கூட்டத்தில் புதிய கையொப்பதாரரை நியமித்து, தீர்மான நகலை மறுநாளே வங்கிக்கு அனுப்ப வேண்டும்.