தாயில்லாக் குஞ்சுகளைப் பழைய கோழிகளுடன் சேர்க்கும் முறை

கள்ளக்குறிச்சி மாவட்டம் ரிஷிவந்தியம் வட்டாரத்தில் கரும்பும் நெல்லும் மக்காச்சோளமும் வயலுக்கு என்றால், கோழி புறக்கடைக்கு. திடீரென வரும் பள்ளிச் செலவுக்கும் வைத்தியச் செலவுக்கும் கைகொடுப்பவை இந்த ஐந்தாறு பெட்டைகளே.

முன்பெல்லாம் குஞ்சு என்றால் வீட்டு அடைக்கோழி பொரித்ததுதான். இப்போது பொரிப்பகத்துக் குஞ்சுகளை வாங்கி வளர்ப்பதும் பெருகியுள்ளது. அரசின் புறக்கடைக் கோழி வளர்ப்புத் திட்டங்களிலும் நான்கு வார வயதுக் குஞ்சுகள் ஏழைப் பெண்களுக்கு மானியத்தில் வழங்கப்பட்டுள்ளன. வாங்கி வந்த அன்றே அவற்றைப் பழைய கோழிகளோடு திறந்து விடுவதுதான் பலர் செய்யும் தவறு. மறுநாள் இரண்டொன்று மண்டை கிழிந்து கிடக்கும். பழி கீரியின் மேல் போகும். பல சமயம் கொத்தியது வீட்டுக் கோழியே.

கோழிகளுக்குள் ஒரு வரிசை உண்டு. எது எதைக் கொத்தலாம், தீனியில் எது முதலில் வாய் வைக்கலாம் என்பதெல்லாம் அந்த வரிசைப்படிதான் நடக்கும். நார்வே நாட்டின் தோர்லீஃப் ஷெல்டெரூப்-எப்பே சிறு வயது முதல் கோழிகளைக் கவனித்து வந்து, 1921-இல் இதை ஆராய்ச்சியாகவே எழுதினார். நம் ஊர்ப் பாட்டிமாருக்கும் இது தெரியாத சங்கதி அல்ல. புதிதாக வரும் குஞ்சுக்கு அந்த வரிசையில் இடமே கிடையாது. தாயோடு திரியும் குஞ்சை மற்ற கோழிகள் எளிதில் நெருங்காது. நெருங்கினால் தாய் இறகைச் சிலிர்த்துக்கொண்டு பாயும். தாயில்லாத குஞ்சுக்கு அந்தக் காவலை வளர்ப்பவர்தான் தர வேண்டும்.

வீட்டில் மூன்று வாரமாக அடையில் இருக்கும் கோழி இருந்தால் வேலை எளிது. ஓரிரு நாள் வயதுக் குஞ்சுகளை இரவு இருட்டியபின் ஒவ்வொன்றாக அதன் வயிற்றுக்கு அடியில் விட்டு, முட்டைகளை எடுத்துவிட வேண்டும். பெரும்பாலும் விடிந்ததும் தன் குஞ்சாகவே அழைத்துச் செல்லும். கொத்துகிறதா என்று விடியற்காலையில் பார்ப்பது அவசியம். நான்கு வாரக் குஞ்சுக்கு இந்த வித்தை பலிக்காது.

அவற்றை முதலில் தனியே வைக்க வேண்டும். வெளியிலிருந்து வரும் குஞ்சு வெள்ளைக்கழிச்சலைக் கொண்டு வரலாம். பழைய கோழிகளும் நோய் வெளியே தெரியாமலே குடற்புழுவையும் ரத்தக்கழிச்சல் கிருமியையும் குஞ்சுக்குக் கொடுக்கக்கூடும். ஆகவே இரண்டு மூன்று வாரமாவது தனித் தீனி, தனித் தண்ணீர். பழைய கோழிகளைக் கவனித்த பிறகே புதியவற்றிடம் போவது நல்லது. எட்டாவது வாரத்தில் வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசியைக் கால்நடை மருந்தகத்தில் கேட்டுப் போட்டுக்கொள்ள வேண்டும். நோய் கண்ட கோழிக்கு ஊசி போட்டுப் பயனில்லை.

அடுத்தது, பார்க்கலாம், கொத்த முடியாது என்ற ஏற்பாடு. சில குஞ்சுகள் என்றால் பஞ்சாரமே போதும். நாற்பது குஞ்சுகளுக்குப் பஞ்சாரம் எங்கே காணும்? மூங்கில் தப்பையும் கம்பி வலையும் கொண்டு ஓர் அடைப்பு கட்டி, கோழிகள் மேயும் இடத்திலேயே வைக்கலாம். பத்து நாள் வலைக்கு இருபுறமும் பார்த்துப் பழகினால் பழைய கோழிகளின் வெறி பாதி தணிந்துவிடும்.

திறந்துவிட வயதைக் காட்டிலும் உடம்பே கணக்கு. பெட்டையின் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்காவது வளர்ந்திருக்க வேண்டும். ஒன்றிரண்டாக விடாமல், எல்லாவற்றையும் ஒரே சமயத்தில், கூண்டுக்குள் அல்லாமல் திறந்த வெளியில், அடைவதற்கு ஒரு மணி நேரம் முன்பு விடுவது சிறந்தது. ஓடித் தப்ப இடம் இருந்தால் பாதிச் சண்டை வராது. தீனியை இரண்டு மூன்று இடங்களில் இறைக்க வேண்டும். பஞ்சாரத்தைச் செங்கல் மேல் தூக்கி வைத்து, குஞ்சு நுழையவும் பெட்டை நுழைய முடியாமலும் இடைவெளி விட்டால் அதுவே புகலிடம். முட்டைக்கோழித் தீவனம் வாங்கிப் போடுவோர் அதைக் குஞ்சுகள் தின்ன விடக்கூடாது. அதிலுள்ள மிகுதியான சுண்ணாம்புச் சத்து குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

முதல் மூன்று நாள் காலையில் கூட்டைத் திறக்கும் வேளை கவனமாக இருக்க வேண்டும். சிறு கொத்தலுக்குப் பதற வேண்டாம்; வரிசை அமைவது அப்படித்தான். ரத்தம் கண்டால் மட்டும் தாமதிக்கக் கூடாது. சிவப்பைக் கண்ட மற்றவையும் வந்து கொத்தும். காயம்பட்டதைப் பிரித்து, மஞ்சளை வேப்பெண்ணெயில் குழைத்துத் தடவி, ஆறியபின் சேர்க்கலாம்.

விடாமல் விரட்டுவது பெரும்பாலும் ஏதாவது ஒரு பெட்டையாகவே இருக்கும். குஞ்சுகளை மறுபடி அடைப்பதைவிட அந்தப் பெட்டையை மூன்று நான்கு நாள் கண்ணில் படாமல் பிரித்து வைப்பது மேல். திரும்பி வரும்போது அதுவே புதிய கோழி. பழைய அதிகாரம் குறைந்திருக்கும். அதற்கும் அடங்காததைச் சந்தைக்கு அனுப்பிவிடலாம்.