சக்கரத்தைப் பழக முடியுமா?
இலவச றூலெற் ஆட்டம் பற்றி ஒரு விளக்கம்

புதிய விதையினம் ஒன்று கைக்கு வந்தால் எமது கமக்காரர் அதை முழுத் தறையிலும் போட்டுவிடுவதில்லை. முதலில் ஒரு பாத்தியில் போட்டுப் பார்ப்பர். முளைப்பு எப்படி, நோய் தாங்குமா, எத்தனை இறைப்பு வேண்டும் என்று கண்டறிந்த பின்னரே அடுத்த போகத்தில் பரப்புக் கணக்கில் இறங்குவர். சிறிதாகச் சோதித்துப் பின் பெரிதாகச் செய்வது தலைமுறை தலைமுறையாக வந்த நல்ல புத்தி.

இன்று கைத்தொலைபேசியில் வரும் சூதாட்ட விளம்பரங்களும் இதே நியாயத்தைப் பேசுகின்றன. "காசு கட்டுவதற்கு முன் இலவசமாக விளையாடிப் பழகுங்கள். கை தேறிய பின் உண்மைக் காசைப் போடுங்கள்" என்பதே அவற்றின் அழைப்பு. கேட்பதற்கு இது நிதானமான ஆலோசனை போலவே இருக்கிறது. ஆனால் பாத்தியில் பழகுவதும் இந்தச் சக்கரத்தில் பழகுவதும் ஒன்றல்ல. அது ஏன் என்பதைக் கணக்குடன் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இடம்பெயர்ந்து வாழும் குடும்பத்தின் கையில் அவ்வப்போது ஒரு தொகை வந்து சேர்வதுண்டு. அது வாழ்வாதாரக் கடனாகவோ, நட்டஈடாகவோ, நகையை அடைவு வைத்த காசாகவோ, வெளிநாட்டில் உள்ள பிள்ளை அனுப்பியதாகவோ இருக்கலாம். இழந்ததை ஒரே முறையில் மீட்டுவிடலாம் என்ற ஆசை எழுவது மனித இயல்பு. அந்த ஆசையைக் குறைகூறுவதற்காக இதை எழுதவில்லை. விதைநெல்லுக்கு வைத்த காசு எந்த வழியால் போகிறது என்பதை முன்கூட்டியே அறிந்துகொள்வது நல்லது.

1. சக்கரம் எப்படி அமைந்துள்ளது?

றூலெற் என்பது பிரெஞ்சு மொழியில் "சிறு சக்கரம்" எனப் பொருள்படும். 18ஆம் நூற்றாண்டில் பிரான்சில் உருவான ஆட்டம் இது. ஐரோப்பியச் சக்கரத்தில் 37 குழிகள் உள்ளன. 1 முதல் 36 வரையான இலக்கங்களில் 18 சிவப்பு, 18 கறுப்பு. எஞ்சிய ஒரு குழி பச்சை நிறப் பூச்சியம். சக்கரத்தைச் சுழற்றிச் சிறு பந்து ஒன்றை எதிர்ப்பக்கமாக உருட்டிவிடுவர். பந்து எந்தக் குழியில் விழுகிறதோ அந்த இலக்கமே வெற்றி இலக்கம்.

1843ஆம் ஆண்டில் ஜேர்மனியின் ஹொம்பேர்க் நகரில் பிளாங் சகோதரர்கள் ஒரே பூச்சியம் உள்ள சக்கரத்தை அறிமுகம் செய்தனர். அவர்களுள் ஒருவரான பிரான்சுவா பிளாங் 1863இல் மொனாக்கோ நாட்டின் மொன்ரே கார்லோ சூதாட்ட மண்டபத்தைப் பொறுப்பேற்றார். அமெரிக்காவில் பூச்சியத்துடன் இரட்டைப் பூச்சியமும் சேர்ந்து 38 குழிகள் கொண்ட சக்கரம் வழக்கிலுள்ளது.

1 முதல் 36 வரையுள்ள இலக்கங்களைக் கூட்டினால் 666 வரும். வெளிப்படுத்தல் நூலில் வரும் எண்ணும் இதுவே என்பதால் சிலர் இதைப் பேயின் சக்கரம் என்பர். பேயைத் தேடிப் போகவேண்டியதில்லை. அந்தப் பச்சைக் குழி ஒன்றே போதும்.

2. பச்சைக் குழியின் கணக்கு

ஓர் இலக்கத்தின் மேல் 100 ரூபா கட்டி அது விழுந்தால் 35 மடங்கு, அதாவது 3,500 ரூபா, இலாபமாகத் தருவர். கட்டிய 100 ரூபாவும் திரும்பி வரும். ஆக மொத்தம் 3,600 ரூபா.

இப்பொழுது ஒருவர் தோற்கவே கூடாதென்று எண்ணி 37 குழிகளிலும் தலா 100 ரூபா கட்டுகிறார் என வைத்துக்கொள்வோம். அவர் போட்டது 3,700 ரூபா. ஏதோ ஓர் இலக்கம் விழுந்தே தீரும். அவருக்குக் கிடைப்பது 3,600 ரூபா. எல்லா இலக்கத்திலும் வென்றும் 100 ரூபா நட்டம்! 3,700க்கு 100 என்பது 2.7 வீதம். 38 குழிச் சக்கரத்தில் இது 5.26 வீதம்.

சிவப்பு, கறுப்பு என்று நிறத்தின் மேல் கட்டினாலும் இதே கதைதான். கட்டியதற்குச் சமமான தொகையே இலாபம். ஆனால் 37 குழிகளில் வெல்வதற்கு 18, தோற்பதற்கு 19. பச்சைக் குழி எப்போதும் மண்டபக்காரர் பக்கமே நிற்கிறது.

3. பழகினால் என்ன மாறும்?

பாத்தியில் பழகுபவனுக்கு மண் பதில் சொல்கிறது. இந்த மண்ணில் தண்ணீர் எவ்வளவு நேரம் நிற்கும், எந்த மாதம் பூச்சி வரும் என்று அவன் அறிந்தது அடுத்த போகத்திலும் உண்மையாகவே இருக்கும். அனுபவம் ஆண்டுக்காண்டு கூடி விளைச்சலாகிறது.

சக்கரத்துக்கு ஞாபகம் கிடையாது. முந்திய சுற்றில் எது விழுந்தது என்பதை அது அறியாது. ஆயிரம் முறை இலவசமாக ஆடியவருக்கும், இன்று முதன்முதலாகத் தொடுபவருக்கும் வெல்வதற்குரிய குழிகள் 18, தோற்பதற்குரியவை 19. பழகுபவர் கற்றுக்கொள்வது எந்த இடத்தை அழுத்தினால் காசு கட்டலாம், எந்தக் கட்டுக்கு எவ்வளவு கிடைக்கும் என்பவற்றை மட்டுமே. அதாவது, காசு கட்டும் முறையை நன்றாகப் பழகுகிறார். வெல்லும் முறை என்று ஒன்று அங்கே இல்லை.

1913 ஆகஸ்ட் 18ஆம் திகதி மொன்ரே கார்லோவில் நடந்தது இதற்கு நல்ல சான்று. அன்று ஒரு மேசையில் கறுப்பு தொடர்ந்து 26 தடவை விழுந்தது. "இவ்வளவு நேரம் கறுப்பு விழுந்துவிட்டது, இனிச் சிவப்புத்தான்" என்று எண்ணிய பலர் சிவப்பின் மேல் கூட்டிக் கூட்டிக் கட்டிப் பெருந்தொகையை இழந்தனர். பத்துத் தடவை கறுப்பு விழுந்த பின்னரும் பதினோராவது சுற்றில் சிவப்புக்குரிய குழிகள் 18 தான் என்பதை அவர்கள் மறந்தனர்.

"சக்கரத்தைக் கவனித்தே வென்றவர்களும் உண்டல்லவா?" என்று சிலர் கேட்கலாம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் யோக்சயரைச் சேர்ந்த ஜோசப் ஜாகர் என்பவர் மொன்ரே கார்லோவில் அப்படி வென்றது உண்மையே. அங்கிருந்த ஒரு மரச்சக்கரம் சற்றுப் பழுதாகிச் சில இலக்கங்களின் பக்கம் சாய்ந்திருந்ததை அவர் கண்டுபிடித்தார். ஆனால் கைத்தொலைபேசியில் இருப்பது சக்கரத்தின் படம் மட்டுமே. இலக்கத்தைத் தெரிவது கணினி நிரல். தேய்வதற்கு அங்கே அச்சும் இல்லை, கவனிப்பதற்குச் சாய்வும் இல்லை.

4. இரட்டிப்பாகக் கட்டும் முறை

இலவச ஆட்டத்தில் பழகச் சொல்லித்தரும் "முறை" பெரும்பாலும் இதுவே: 100 ரூபா தோற்றால் 200 கட்டு, அதுவும் தோற்றால் 400, பின் 800. எப்போதாவது வென்றால் இழந்ததெல்லாம் திரும்பி, மேலும் 100 ரூபா இலாபம் வரும்.

இலவச ஆட்டத்தில் இது அருமையாக வேலைசெய்வது போலத் தோன்றும். ஏனெனில் அங்கே காசு முடிவதில்லை. முடிந்தாலும் மீண்டும் நிரப்பித் தருவார்கள். உண்மையில் ஏழு தடவை தொடர்ந்து தோற்றால் போனது 12,700 ரூபா. எட்டாவது கட்டுக்கு 12,800 ரூபா வேண்டும். அதுவும் வெறும் 100 ரூபா இலாபத்துக்காக. ஏழு தோல்வி தொடர்ந்து வருவது சராசரியாக 106 முயற்சிகளுக்கு ஒரு தடவை. 105 தடவை நூறு நூறாகச் சேர்த்த 10,500 ரூபாவையும் விழுங்கி, மேலும் 2,200 ரூபாவைக் கையிலிருந்து எடுத்துக்கொண்டு அது போய்விடும்.

5. இலவசம் ஏன் இலவசமாகத் தரப்படுகிறது?

மீனுக்குப் போடும் இரைக்கு மீனிடம் யாரும் விலை கேட்பதில்லை.

கனடாவின் கியூபெக் மாகாண ஆய்வாளர்கள் 2005ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்றில் 117 இணையச் சூதாட்டத் தளங்களைப் பரிசோதித்தனர். அவற்றில் 39 வீதமானவை இலவசப் பழக்கத்தின்போது, கட்டியதை விடக் கூடுதலாகவே திருப்பிக் கொடுத்தன. உண்மைக் காசு கட்டத் தொடங்கியதும் அந்தத் தாராளம் நிலைக்கவில்லை. எல்லாத் தளங்களும் அப்படிச் செய்வதில்லை. நேர்மையாக நடத்தினாலும் 2.7 வீதம் இருக்கவே இருக்கிறது. பிரித்தானியாவில் 2019 மே 7 முதல், வயதை உறுதிசெய்யாமல் இத்தகைய இலவச ஆட்டங்களைக்கூட விளையாட விடக்கூடாது என்ற விதி நடைமுறைக்கு வந்தது. இலவச ஆட்டம் சிறுவர்களைச் சூதுக்குப் பழக்கும் வாசல் என்பதை அந்நாடு உணர்ந்திருக்கிறது.

வேகத்தையும் கவனிக்க வேண்டும். மேசையில் ஆடும்போது மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 40 சுற்றுகள் நடக்கலாம். ஒவ்வொன்றுக்கும் 100 ரூபா கட்டினால் சராசரி நட்டம் 108 ரூபா. கைத்தொலைபேசியில் நிமிடத்துக்கு ஐந்து சுற்று ஆடினால் மணித்தியாலத்தில் 300 சுற்றுகள். சராசரி நட்டம் 810 ரூபா. இலவச ஆட்டத்தில் விரல் பழகுவது இந்த வேகத்துக்கே.

6. கூட்டத்தில் செய்து பார்க்க ஒரு சோதனை

மாதர் சங்கத்திலோ இளைஞர் கழகத்திலோ கைத்தொலைபேசி இன்றி இதைச் செய்து பார்க்கலாம். 37 கடதாசித் துண்டுகளை வெட்டி 18இல் "சிவப்பு" என்றும், 18இல் "கறுப்பு" என்றும், ஒன்றில் "பூச்சியம்" என்றும் எழுதி மடித்து ஒரு பானையில் இடுங்கள். பத்துப் பேர் தலா 50 புளியங்கொட்டையுடன் அமரட்டும். ஒருவர் மண்டபக்காரராக இருக்கட்டும்.

ஒவ்வொரு சுற்றிலும் ஐவர் சிவப்பிலும் ஐவர் கறுப்பிலும் ஒவ்வொரு கொட்டை கட்டவேண்டும். ஒரு துண்டை எடுத்து வாசித்து, மீண்டும் மடித்துப் பானையில் போட்டுக் குலுக்குங்கள். சிவப்பு வந்தால் கறுப்புக்காரரின் ஐந்து கொட்டைகள் சிவப்புக்காரருக்குப் போகும். கறுப்பு வந்தால் மறுபக்கம். பூச்சியம் வந்தால் பத்துக் கொட்டைகளும் மண்டபக்காரருக்கு.

பூச்சியம் மூன்று தடவை வரும்வரை ஆடுங்கள். சிலரிடம் 50க்கு மேல் இருக்கும். அவர்கள் தம்மைக் கெட்டிக்காரர் என எண்ணக்கூடும். பின்பு பத்துப் பேரின் கொட்டைகளையும் ஒன்றாகக் குவித்து எண்ணுங்கள். 500 இருந்த இடத்தில் 470 இருக்கும். வென்றவர் பெற்றது தோற்ற அயலவரின் கொட்டை. மண்டபக்காரர் ஒரு தடவைகூடத் தோற்கவில்லை. பிள்ளைகளுக்கு நூறு அறிவுரை சொல்வதிலும் இந்த ஒரு மாலை மேலானது.

7. சீட்டும் சூதும்

வேதாகமத்தில் யோசுவாவின் காலத்தில் கோத்திரங்களுக்கு நிலம் சீட்டுப் போட்டே பங்கிடப்பட்டது. எமது ஊர்களிலும் திருவுளச்சீட்டு எடுத்துப் பங்கு பிரிப்பதுண்டு. அங்கே யாருக்கும் பச்சைக் குழி கிடையாது. போட்டதெல்லாம் இருப்பவர்களுக்கே பகிரப்படுகிறது. அதனால் அது நீதி. சிலுவையின் அடியிலும் சீட்டுப் போட்டார்கள். அது உடுப்பையும் இழந்த ஒருவரின் ஆடைக்காக. எதற்காக, யாருடைய பொருளை வைத்துச் சீட்டுப் போடுகிறோம் என்பதே கேள்வி.

இலங்கையில் கசினோ தொழிலை ஒழுங்குபடுத்தும் சட்டம் 2010இலும், சூதாட்ட ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைச் சட்டம் 2025இலும் நிறைவேற்றப்பட்டன. சட்டம் ஒழுங்கைக் கொண்டுவரலாம். ஆனால் பச்சைக் குழியை அது அடைப்பதில்லை. ஒழுங்காக நடக்கும் ஆட்டத்திலும் 2.7 வீதம் ஒழுங்காகவே போய்க்கொண்டிருக்கும்.

8. வீட்டில் செய்யக்கூடியவை

– விதை, உரம், இறைப்பு ஆகியவற்றுக்கான காசு வந்த அன்றே அதற்குரிய பொருளாக மாற்றுங்கள், அல்லது கணவனும் மனைவியும் சேர்ந்து கையொப்பமிடும் கணக்கில் இடுங்கள்.

– வங்கியிலிருந்து தொலைபேசிக்கு வரும் இரகசிய இலக்கத்தைப் பிள்ளைகளின் கையில் விடாதீர்கள்.

– பிள்ளை இலவச ஆட்டம் ஆடுவதைக் கண்டால் அடித்துப் பறிக்காமல், மேலே சொன்ன கணக்கை அருகிலிருந்து போட்டுக் காட்டுங்கள்.

– இழந்ததை மீட்க மீண்டும் கட்டுவது, இரகசியமாகக் கடன் வாங்குவது, இரவில் தூங்காமல் ஆடுவது ஆகியவை ஆபத்தின் அறிகுறிகள். உலக சுகாதார நிறுவனத்தின் 2022இல் நடைமுறைக்கு வந்த நோய் வகைப்பாட்டில் சூதாட்டக் கோளாறும் இடம்பெற்றுள்ளது. இதை வெட்கமாகக் கருதி மறைக்க வேண்டாம். அரசாங்க வைத்தியசாலையின் உளநலப் பிரிவை நாடலாம். தேசிய மனநல உதவி இலக்கமான 1926ஐ அழைத்தும் பேசலாம்.

நிலத்தை விட்டு வந்த கமக்காரன் தன்னுடன் கொண்டுவந்த சொத்து ஒன்று உண்டு. அது அவனது பழக்கம், கை அறிந்த தொழில். இரவல் நிலத்தில் ஒரு பாத்தி மிளகாய்க் கண்டு நட்டாலும் அந்தப் பழக்கம் பயன் தரும். வேலியோரத்தில் நாலு முருங்கைத் தடி ஊன்றினாலும் பயன் தரும். சக்கரத்தின் முன்னால் மட்டும் அது ஒன்றுக்கும் உதவாது. பழகுவதானால், பழகியதற்குப் பதில் தரும் ஒன்றையே பழகுவோம்.