கேட்டவர் எழுதிய பாதி

திருவண்ணாமலை ரமணாசிரமத்துப் புத்தக நிலையத்தில் ‘நான் யார்?’ என்று ஒரு சிறு நூல் கிடைக்கும். இரண்டாவது டீ வருவதற்குள் படித்து முடித்துவிடலாம். ரமணரின் நூல் என்றுதான் எல்லாரும் சொல்கிறோம். ஆனால் அது பிறந்த கதையைப் பார்த்தால், அதில் பாதி கேள்வி கேட்டவருடையது.

வாசகர் சொல்வதை வைத்து எழுத்தை எப்படிச் செம்மை செய்வது என்று என் தங்கை மகள் கேட்டபோது இந்த நூலைத்தான் முதலில் சொன்னேன். அவள் வேளாண்மைத் துறையில் இருக்கிறாள். இந்தப் பக்கத்து மல்லாட்டை (நிலக்கடலை) விவசாயிகளுக்காக ஒரு பக்கச் செய்தித்தாள் எழுதுகிறாள். விதைக் கடையிலும் கூட்டுறவுச் சங்கத்திலும் அதை வைக்கிறார்கள். அடியில் அவள் போன் நம்பர் இருக்கிறது. “பாராட்டறாங்க, திட்டறாங்க, சந்தேகம் கேக்கறாங்க. இதுல எதை எடுத்துக்கிறது மாமா, எதை விடறது?” என்றாள்.

1902-இல் சிவப்பிரகாசம் பிள்ளை என்பவர் அலுவல் நிமித்தமாகத் திருவண்ணாமலைக்கு வந்தார். தத்துவம் படித்த பட்டதாரி. தென்னார்க்காடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் வருவாய்ப் பிரிவில் வேலை. மலைமேல் விரூபாட்ச குகையில் ஓர் இளம் துறவி இருக்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனார். ரமணருக்கு அப்போது இருபத்திரண்டு வயதுதான் இருக்கும். பேசுவதில்லை. மௌன விரதம் என்றும் இல்லை, பேசத் தோன்றவில்லை, அவ்வளவுதான். பிள்ளை கேட்டார், அவர் சைகையால் பதில் சொன்னார், சைகை புரியாதபோது எழுதிக் காட்டினார். தாம் கேட்டவை பதினான்கு கேள்விகள் என்று பிள்ளையே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அவற்றைப் பத்திரமாக வைத்திருந்து, 1923-இல் அச்சிட்டார். நடுவில் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன.

கேள்விகள் வந்த வரிசையைக் கவனித்தால் போதும். நான் யார் என்று தொடங்குகிறார். பதில் வருகிறது. அந்தப் பதிலிலிருந்து அடுத்த சந்தேகம் முளைக்கிறது; அதைக் கேட்கிறார். எழுதுகிறவர் தனியாக உட்கார்ந்து வகுத்த அத்தியாய அடுக்கு இதில் இல்லை. ஒரு மனிதனுக்கு எங்கே இடறியதோ அங்கே அடுத்த வரி தொடங்குகிறது. படிக்கிற நமக்கும் பெரும்பாலும் அதே இடத்தில்தான் இடறுகிறது என்பதால் நூல் கையைப் பிடித்து அழைத்துப் போவதுபோல இருக்கிறது. விஷயம் அறிந்தவருக்கு எல்லாம் ஒரே நேரத்தில் தெரியும். எது முன்னே, எது பின்னே என்பது தெரியாதவர் சொன்னால்தான் உண்டு.

கேட்பவரின் சாயலும் பதிலில் ஏறும். அதே குகையில், ஏறக்குறைய அதே ஆண்டுகளில், கம்பீரம் சேஷய்யர் என்பவரும் ரமணரிடம் கேட்டுக்கொண்டிருந்தார். திருவண்ணாமலை நகராட்சியில் ஓவர்சீயர். விவேகானந்தரின் யோக நூல்களைப் படித்தவர். படித்தது பிடிபடாத இடங்களைக் கொண்டுவந்து கேட்டார். ரமணர் துண்டுத் தாள்களில் எழுதித் தந்தார். பின்னாளில் நடனானந்தர் என்ற அடியார் அந்தக் குறிப்புகளை ஒழுங்குபடுத்தினார். அதுதான் ‘விசார சங்கிரகம்’. அந்த நூலில் யோக உறுப்புகள், பிராணாயாமம் எல்லாம் நிறைய வரும். ‘நான் யார்?’ நூலில் அவை ஓரமாகத்தான் வரும். சொன்னவர் ஒருவர், குகை ஒன்று, காலம் ஒன்று. ஒருவர் நூலிலிருந்து கேட்டார். மற்றவர் தம் மனத்தில் உறுத்தியதைக் கேட்டார். இரண்டுக்கும் இடம் உண்டு. ஆனால் ஒரு கேள்வி வந்தவுடன், இது இவர் எங்கோ படித்ததிலிருந்து வருகிறதா, இவர் கொல்லையிலிருந்து வருகிறதா என்று பார்க்கத் தெரிய வேண்டும்.

இதைச் சொன்னதும் அவள் பையிலிருந்து நோட்டை எடுத்தாள். ஜிப்சம் பற்றி எழுதிய பக்கத்துக்கு வந்த போன்களை அதில் குறித்து வைத்திருந்தாள். அவள் எழுதியிருந்தது பிழையில்லாத செய்தி: மானாவாரி நிலக்கடலைக்கு விதைத்த 40 முதல் 75 நாளுக்குள், எக்டருக்கு 400 கிலோ ஜிப்சம் இட்டு மண் அணைக்க வேண்டும். பல்கலைக்கழகப் பரிந்துரை அப்படியே. நோட்டில் இருந்த கேள்விகளோ வேறு உலகம். ஏக்கருக்கு எத்தனை மூட்டை? மழை பெய்யாமல் மண் காய்ந்து கிடந்தால் போடலாமா? அடியுரத்தோடு சேர்த்துப் போட்டுவிட்டால் ஒரு வேலை மிச்சம்தானே? யூரியா மாதிரி வேர் எடுத்துக்கொள்ளாதா, எதற்குச் செடிக்குப் பக்கத்திலேயே போடச் சொல்கிறீர்கள்?

முதல் கேள்விக்கு விடை கணக்கு. எக்டருக்கு 400 என்றால் ஏக்கருக்கு ஏறக்குறைய 160 கிலோ. ஐம்பது கிலோ மூட்டையில் மூன்றுக்குச் சற்று மேல். இதை அவள் எழுத்திலேயே போட்டிருக்கலாம், அடுத்த முறை போடுவாள். அதில் பேச அதிகம் இல்லை.

கடைசிக் கேள்விதான் பொன். ஏனென்றால் மல்லாட்டை மற்றப் பயிர் மாதிரி இல்லை. பூ மேலே பூக்கிறது. பூத்த பிறகு விழுது கீழே இறங்கி மண்ணுக்குள் போய்க் காய் வைக்கிறது. வேர் எடுக்கிற சுண்ணாம்புச் சத்து நீரோடு மேலே ஏறி இலைக்குப் போய்விடும்; அங்கிருந்து கீழே இறங்கி மண்ணுக்குள் இருக்கிற காய்க்கு வந்து சேராது. காய் தனக்கு வேண்டிய சுண்ணாம்பைத் தன்னைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்து தானே உறிஞ்சிக்கொள்ள வேண்டும். அது கிடைக்காவிட்டால் மேலே செடி பச்சைப்பசேல் என்று இருக்கும், பிடுங்கிப் பார்த்தால் பொக்கு. அதனால்தான் அந்தச் சத்தைத் தருகிற ஜிப்சம் காய் பிடிக்கிற மேல்மண்ணில், காய் பிடிக்கிற சமயத்தில் இருக்க வேண்டும். அதனால்தான் செடியின் ஓரமாக இட்டு மண் அணைப்பது. ஈரம் இல்லாமல் அது கரையாது. கரையாததைக் காய் எடுக்க முடியாது. இந்த ஒரு காரணம் விளங்கிவிட்டால் மற்ற மூன்று கேள்விகளில் இரண்டுக்கு அவர்களே பதில் சொல்லிக்கொள்வார்கள்.

அவளுக்கு இதெல்லாம் தலைகீழ்ப் பாடம். பரீட்சையில் எழுதியிருக்கிறாள். ஆனால் அவள் பக்கத்தில் இது ஒரு வரிகூட இல்லை. விவசாயிக்கு ‘எப்படி’ போதும், ‘ஏன்’ எதற்கு என்று விட்டிருக்கிறாள். போன் செய்தவர்கள் கேட்டதில் முக்கியமானது ‘ஏன்’. நான் சொன்னது ஒன்றுதான்: அடுத்த பக்கத்தின் தலைப்பே அந்த விவசாயியின் கேள்வியாக இருக்கட்டும், அவர் வாயில் வந்தபடியே. “வேர் எடுத்துக்காதா?” என்று தொடங்கு. பிள்ளை தம் கேள்விகளைத் தாமே அச்சிட்டார் என்பதால்தான் நமக்கு அவை கிடைத்தன. உன்னிடம் கேட்பவர்கள் அச்சிட மாட்டார்கள், நீதான் எழுதி வைக்க வேண்டும்.

“அப்ப எல்லாத்தையும் கேள்வி பதிலாவே போட்டுடலாமா?” என்றாள். அதற்கும் பதில் அந்தச் சிறு நூலிலேயே இருக்கிறது. கேள்விபதில் வடிவில் வந்த பிறகு, ரமணரே அதைக் கட்டுரையாக மாற்றி எழுதினார். கேள்விகளை எடுத்துவிட்டார். தொடக்கத்தில் பிள்ளை கேட்காத ஒன்றைச் சேர்த்தார்: எல்லா உயிரும் துன்பமில்லாத இன்பத்தைத்தான் நாடுகிறது, அதை அடையத் தன்னை அறிய வேண்டும் என்ற முன்னுரை. பிள்ளை வரும்போதே ‘நான் யார்’ என்ற கேள்வியோடு வந்தவர். எல்லாரும் அப்படி வருவதில்லை. அந்தக் கேள்விக்கே இன்னும் வந்து சேராதவர்களுக்காக ஒரு படி கீழே இறங்கித் தொடங்கியிருக்கிறார் என்றுதான் நான் அதைப் படிக்கிறேன். ஒருவருடைய சந்தேகம் அப்படியே கிடந்தால் அது அவருக்கான பதில். பலருடைய சந்தேகத்தையும் பார்த்த பிறகு கேள்வியை உள்ளே கரைத்துவிடலாம். அப்போது அது கட்டுரை. ஜிப்சம் பக்கம் இந்த ஆண்டு கேள்விபதிலாக இருக்கட்டும். இரண்டு பட்டம் போகட்டும், பிறகு கட்டுரையாக்கு.

‘நான் யார்?’ நூல் பற்றி இன்னொரு செய்தியும் உண்டு. உடல் நானல்ல, புலன்கள் நானல்ல என்று நீளும் பட்டியல் ரமணர் அன்று சொன்னதல்ல, விளக்கம் வேண்டிப் பிள்ளை தாமே சேர்த்துக்கொண்டது என்று அடியார்கள் வழியாக வந்த செய்தி. தாம் அப்படிச் சொல்லவில்லை என்று ரமணர் சொன்னாராம். ஆனாலும் அது பிள்ளைக்குப் புரிய உதவியது என்று அதை நீக்காமல் விட்டுவிட்டார். வாசகர் தமக்குப் புரிந்த விதத்தில் திருப்பிச் சொல்லும்போது, அது பிழையில்லாத வரை இடம் கொடுக்கலாம் என்பதற்கு இதைவிட எனக்கு வேறு சான்று வேண்டாம்.

திட்டுகள் விஷயம் வேறு. உ.வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது கண்டனத் துண்டறிக்கைகள் பறந்தன. மனம் நொந்து அவர் மறுப்பு எழுதப் போனார். கும்பகோணம் கல்லூரியில் இருந்த சாது சேஷையர் அது வேண்டாம் என்று தடுத்தார். பதில் எழுதப் புகுந்தால் செய்ய வேண்டிய வேலை நின்றுவிடும் என்பது அவர் கவலை. சாமிநாதையர் கேட்டுக்கொண்டார். உழைப்பு நூலுக்குள் போனது. 1907-இல் இரண்டாம் பதிப்பு வந்தது. அவளிடம் ஒருவர் போனில் கத்தினாராம், ஆபீசில் உட்கார்ந்து எழுதுகிறவர்களுக்கு என்ன தெரியும் என்று. அந்த அழைப்புக்கு மறுமொழி தேடி ஒரு வாரம் வீணாக்காதே என்றேன். ஆனால் அவர் நடுவில் ஆள் கூலியைப் பற்றி ஏதோ சொன்னதாக நோட்டில் இருக்கிறதே, அந்த ஒரு வரியை மட்டும் வைத்துக்கொள்.

அந்த வரியிலிருந்துதான் மிச்ச வேலை: அந்தக் கூலி வாங்குகிறவர்கள் யார்? போன் செய்கிறவர்கள் எல்லாரும் ஆண்கள், பெரும்பாலும் நிலத்துக்காரர்கள். களை எடுப்பதும் செடி ஓரமாக ஜிப்சம் தூவுவதும் மண் அணைப்பதும் பெண்கள். அந்தப் பக்கம் அவர்கள் கைக்குப் போகிறதா என்றே அவள் கேட்டதில்லை. அடுத்த வாரம் கலசப்பாக்கம் பக்கம் ஒரு கொல்லையில் மண் அணைக்கிறார்கள். அங்கே போய் என்ன கேட்பது என்று டீக்கடைப் பெஞ்சிலேயே எழுதிக்கொண்டாள். எழுதினது பிடிச்சிருக்கா என்று கேட்கக் கூடாது. செடிக்கு எவ்வளவு அள்ளிப் போடுறீங்கம்மா, யார் சொல்லித் தந்தாங்க, விழுது இறங்கின செடின்னு எப்படிக் கண்டுபிடிக்கிறீங்க? மூன்று கேள்விதான். நாலாவதாக ஒன்றை எழுதி அடித்துவிட்டாள்.