இடம் போதவில்லையா? பெரிய கம்ப்யூட்டருக்குச் சிக்கனமான சேமிப்பு வழிகள்



“டிஸ்க் ஃபுல்” என்ற இரண்டு வார்த்தையைப் பார்த்துப் பயப்படாதவர் நம்மில் யாரும் இருக்க முடியாது. புராஜக்ட் முடிகிற நேரத்தில்தான் அது வந்து நிற்கும். இதற்குக் கையைக் கடிக்காத வழிகள் என்னென்ன என்பதை எனக்குத் தெரிந்த அளவில் எழுதுகிறேன். புத்தகத்தில் படித்ததை விடப் பட்டுத் தெரிந்துகொண்டதுதான் இதில் அதிகம்.

பட்ட கதை

என் மாமா தூத்துக்குடியில் கல்யாண வீடியோ எடுப்பவர். லீவு நாட்களில் நான் அவருக்கு எடிட்டிங் உதவி. 2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. அப்போது நான் முதலாம் ஆண்டு. அன்று பிடித்த மழையை நம் மாவட்டத்தில் யாரும் மறக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. பெய்தது. மாமா கடைக்குள் இடுப்பளவு தண்ணீர். கம்ப்யூட்டர் கேபினெட் தரையில் இருந்தது. பேக்கப் எடுத்து வைத்திருந்த ஹார்டு டிஸ்க் அதே மேஜையின் கீழ்த் தட்டில் இருந்தது. இரண்டும் ஒன்றாகவே மூழ்கின.

தண்ணீர் வடிந்த பிறகு டிஸ்க்கை வெயிலில் காய வைத்து, “காஞ்சிருச்சே” என்று பவர் கொடுத்தோம். அதுதான் நாங்கள் செய்த பெரிய தப்பு. ஒரு கரகர சத்தம், அதோடு சரி.

அடுத்த மாதம் ஒரு வீட்டார் வந்தார்கள். பேத்தி கல்யாணத்தில் குலவை போட்ட ஆச்சி இறந்துவிட்டார்களாம். “ஆல்பம் வேண்டாம் தம்பி, ஆச்சி குலவை போடுற அந்த ஒரு துண்டு மட்டும் கெடைக்குமா?” என்று கேட்டார்கள். மாமா என்னைப் பார்த்தார். “ஏல மருமவனே, இனி இவங்க மொகத்துல எப்படில முழிக்க?” என்று அவர் பிறகு சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

அதற்குப் பின் மாமா ஒரு செகண்ட் ஹேண்ட் ஒர்க்ஸ்டேஷன் வாங்கினார். ப்ராசஸரும் ராமும் பிரமாதம். உள்ளே இருந்த எஸ்.எஸ்.டி. மட்டும் 512 ஜி.பி. “இடத்தைப் பெருக்கு, ஆனா பாத்துச் செலவு பண்ணு” என்று பொறுப்பை என்னிடம் விட்டார்.

முதலில் கணக்கு

எவ்வளவு இடம் தேவை என்று தெரியாமல் கடைக்குப் போகக் கூடாது. 4கே வீடியோ நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிவாகிறது என்று வைத்துக்கொள்வோம். எட்டால் வகுத்தால் 12.5 எம்.பி. ஒரு மணி நேரத்துக்கு 45 ஜி.பி. இரண்டு கேமரா, ஆறு மணி நேரம் என்றால் ஒரு கல்யாணத்துக்கு 540 ஜி.பி.! 512 ஜி.பி.க்குள் ஒரு கல்யாணம்கூட அடங்காது.

இன்னொரு விஷயம். 1 டி.பி. டிஸ்க் வாங்கினால் விண்டோஸில் 931 ஜி.பி. என்றுதான் காட்டும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போக வேண்டாம். தயாரிப்பாளர் ஆயிரத்தால் பெருக்குகிறார், விண்டோஸ் 1024-ஆல் வகுக்கிறது. அவ்வளவுதான்.

வழிகள் என்னென்ன?

1. காலியாக உள்ள எம்.2 ஸ்லாட்: மதர்போர்டு கையேட்டைப் பாருங்கள். ஸ்லாட் காலியாக இருந்தால் ஒரு என்.வி.எம்.இ. எஸ்.எஸ்.டி. செருகினால் போதும், வேறு எந்தச் செலவும் இல்லை.

2. அடாப்டர் கார்டு: எம்.2 ஸ்லாட் இல்லையென்றால் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் ஸ்லாட் இருக்கும். ஒரு எஸ்.எஸ்.டி. மாட்டும் அடாப்டர் மிக மலிவு. அதில் பெரிய சர்க்யூட் ஒன்றும் கிடையாது, பெரும்பாலும் இணைப்புக் கம்பிகள்தான். நான்கு எஸ்.எஸ்.டி. மாட்டும் கார்டு வாங்குவதாக இருந்தால் உஷார்! ஒரு ஸ்லாட்டின் 16 பாதைகளை நான்கு நான்காகப் பிரித்துக் கொடுக்கும் வசதி பயாஸில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் எஸ்.எஸ்.டி. மட்டுமே தெரியும். பிரிக்கும் சிப் கார்டிலேயே இருக்கும் வகையும் உண்டு, ஆனால் விலை அதிகம். ஆப்பிள் 2019-இல் கொண்டுவந்த மேக் ப்ரோவில்கூட எட்டு பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் ஸ்லாட் உண்டு. கம்பெனியின் சொந்த எஸ்.எஸ்.டி.க்கு அதிக விலை கொடுக்க மனமில்லாத பலர் இப்படிக் கார்டு போட்டுத்தான் இடத்தைப் பெருக்கினார்கள்.

ஸ்லாட் மூன்றாம் தலைமுறை என்றால் எவ்வளவு வேகமான எஸ்.எஸ்.டி. போட்டாலும் நொடிக்குச் சுமார் 3,500 எம்.பி.தான் வரும். அதற்கு மேல் வேகத்துக்குப் பணம் கொடுப்பது வீண்.

3. சாட்டா ஹார்டு டிஸ்க்: ஒரு ஜி.பி.க்கு என்ன விலை என்று வகுத்துப் பார்த்தால் பெரிய கொள்ளளவில் இதுதான் சிக்கனம். கேபினெட்டில் மூன்றரை அங்குல இடமும், மதர்போர்டில் சாட்டா முனையும், பவர் கனெக்டரும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வாங்கும்போது சி.எம்.ஆர். வகையா, எஸ்.எம்.ஆர். வகையா என்று கேளுங்கள். எஸ்.எம்.ஆரில் தடங்கள் கூரை ஓடு மாதிரி ஒன்றின் மேல் ஒன்று படிந்திருக்கும். பழைய இடத்தில் திரும்ப எழுதும்போது பக்கத்துத் தடங்களையும் சேர்த்து எழுத வேண்டியிருப்பதால் மந்தமாகிவிடும். 2 டி.பி.க்கு மேற்பட்ட டிஸ்க்கை ஜி.பி.டி. முறையில் பார்ட்டிஷன் செய்யுங்கள். பழைய எம்.பி.ஆர். முறை அதற்கு மேல் எட்டாது.

4. யு.எஸ்.பி. டிஸ்க்: கேபினெட்டைத் திறக்கப் பயப்படுகிறவர்களுக்கு ஏற்றது. எடுத்துச் செல்லலாம் என்பது இதன் பெரிய பலம்.

5. பழைய கம்ப்யூட்டர்: மூலையில் தூங்கும் பழைய பி.சி.யில் லினக்ஸும் இரண்டு டிஸ்க்கும் போட்டு நெட்வொர்க்கில் இணைத்தால் அது ஒரு சேமிப்புக் கிடங்கு.

வேகத்தைப் பார்ப்போம். அந்த 540 ஜி.பி.யை நகலெடுக்க, நொடிக்கு 2,000 எம்.பி. தரும் என்.வி.எம்.இ.க்கு நாலரை நிமிடம். 400 எம்.பி. தரும் யு.எஸ்.பி. எஸ்.எஸ்.டி.க்கு இருபத்திரண்டரை நிமிடம். 200 எம்.பி. தரும் ஹார்டு டிஸ்க்குக்கு 45 நிமிடம். கிகாபிட் நெட்வொர்க்கில் 110 எம்.பி. கிடைத்தால் 82 நிமிடம். மலிவான எஸ்.எஸ்.டி.க்கள் தொடர்ந்து எழுதும்போது கேஷ் நிரம்பியதும் வேகம் குறையும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

துறைமுகம் கற்றுத் தரும் பாடம்

நம் துறைமுகத்தில் கப்பல் நிற்கும் தளத்தில் யாராவது கன்டெய்னரை மாதக்கணக்கில் வைத்திருப்பார்களா? இறக்கியதும் யார்டுக்குப் போய்விடும். அதே முறைதான் இங்கேயும். நடக்கிற வேலை எஸ்.எஸ்.டி.யில், முடிந்த வேலை ஹார்டு டிஸ்க்கில். எல்லாவற்றையும் எஸ்.எஸ்.டி.யில் வைக்க நினைத்தால் பணம் கரைந்துவிடும். நாங்கள் வாங்கியது அடாப்டரில் 1 டி.பி. எஸ்.எஸ்.டி. ஒன்று, உள்ளே 8 டி.பி. ஹார்டு டிஸ்க் ஒன்று, வெளியே யு.எஸ்.பி.யில் அதே அளவில் இன்னொன்று.

“ஏன் மாப்ள, ரெய்டு போட்டா ரெண்டு டிஸ்க்லயும் ஒண்ணா எழுதுமே, பேக்கப் எதுக்கு?” என்று ஒரு நண்பன் கேட்டான். ரெய்டு 1 ஒரு டிஸ்க் பழுதானால் காப்பாற்றும். தவறி அழித்தால் இரண்டிலும் அழியும். வெள்ளம் வந்தால் இரண்டும் மூழ்கும். ரெய்டு 0 இன்னும் மோசம், ஒன்று போனால் எல்லாம் போச்சு. மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில் என்பதே பாதுகாப்பான விதி.

நம் ஊருக்கென்று சில

உப்பளத்தில் மழைக்காலத்துக்கு முன் உப்பு அம்பாரத்தை ஓலை போட்டு மூடுவதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். உப்புக்கே அந்தக் கவனம்! உப்புக் காற்றும் ஈரமும் கனெக்டர்களை அரிக்கும். தூசி படிந்தால் அரிப்பு இன்னும் சீக்கிரம் வரும். எனவே மாதம் ஒரு முறை தூசி தட்டுங்கள். எடுத்து வைக்கும் டிஸ்க்கை சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் மூடி வையுங்கள். கேபினெட்டைத் தரையில் வைக்கவே வைக்காதீர்கள்.

சாதாரண ஹார்டு டிஸ்க்கில் காற்றழுத்தம் சமமாக ஒரு சிறு துளை உண்டு. வெள்ளத்தில் மூழ்கினால் அந்த வழியே தண்ணீர் உள்ளே போகலாம். வெளியே காய்ந்தாலும் உள்ளே காய்ந்திருக்காது. நனைந்த டிஸ்க்குக்குப் பவர் கொடுக்காமல் டேட்டா ரெக்கவரி தெரிந்தவரிடம் கொடுங்கள். இதை மட்டும் அன்றைக்கு நான் தெரிந்து வைத்திருந்தால் ஆச்சியின் குலவை ஒருவேளை கிடைத்திருக்கும்.

இப்போது ஒவ்வொரு கல்யாணம் முடிந்ததும் மாமா கடையிலிருந்து யு.எஸ்.பி. டிஸ்க் எங்கள் வீட்டு மாடிக்கு வந்துவிடும். புதுப் பதிவு சேர்க்கும்போது மட்டும் கடைக்குப் போய்வரும். சுமந்து போவது என் வேலை.

நம் கடலில் கடைசியாகப் பெரிய முத்துக்குளிப்பு நடந்தது 1961-இல். அந்தக் காலத்தில் எவ்வளவு கெட்டிக்காரர் மூழ்கினாலும் மேலே தோணியில் கயிறு பிடிக்க ஓர் ஆள் இருப்பார். நண்பர்களே, நீங்கள் எத்தனை டி.பி. வேண்டுமானாலும் வாங்குங்கள். கயிறு பிடிக்க இன்னொரு டிஸ்க் வேறு இடத்தில் இருக்கட்டும். பட்ஜெட்டில் முதலில் அதற்குப் பணம் ஒதுக்கிவிட்டு மீதியில் வேகத்தைப் பாருங்கள்.

– மூன்றாம் ஆண்டு மாணவன், கம்ப்யூட்டர் துறை