விலை சொல்லப் பழகுவோம்

பொருளைத் திறமாகச் செய்யத் தெரிந்த எம் பெண்கள் பலருக்கு அதன் விலையை வாய் திறந்து சொல்ல வருவதில்லை. திருக்கோவில், தம்பிலுவில், விநாயகபுரம் பகுதிகளின் மகளிர் குழுக்களில் நான் அடிக்கடி காணும் நிலைமை இது. சத்துமா, மிளகாய்த்தூள், கருவாடு என்று எதுவாக இருந்தாலும் கடையில் பையை வைத்துவிட்டு, "முதலாளி, நீங்களே பார்த்துத் தாங்க" என்கிறோம். அவர் பார்ப்பது அவருடைய இலாபத்தைத்தான்.

இதனை வெறும் கூச்சம் என்று தள்ளிவிட முடியாது. முன்பு பல குடும்பங்களில் சந்தைக்குப் போய்ப் பேரம் பேசியவர்கள் ஆண்கள். கணவர் இறந்த பின், அல்லது காணாமல் ஆக்கப்பட்ட பின், பழக்கமில்லாத அந்த வேலையும் பெண்ணின் தலையில் விழுந்தது. தையலுக்கும் உணவு பதனிடலுக்கும் பயிற்சி பெற்ற சகோதரிகள் உண்டு. விற்கும் பேச்சுக்குப் பயிற்சி பெற்றவர்களை நான் கண்டது குறைவு.

பேச்சும் பழகினால் வரும். ஒருவர் கடை முதலாளியாகவும் மற்றவர் விற்பவராகவும் நடித்துப் பார்ப்பதே அதற்கான வழி. வெளிநாடுகளில் பெரிய கொம்பனிகள் தமது விற்பனையாளர்களை இப்போது செயற்கை நுண்ணறிவுடன் பேசவிட்டுப் பழக்குகின்றன. கணினி, வாடிக்கையாளராக நடிக்கும், குறை சொல்லும், விலையைக் குறைக்கக் கேட்கும், முடிவில் எங்கே தடுமாறினீர்கள் என்று எடுத்துச் சொல்லும். பத்துத் தடவை பிழைவிட்டாலும் பார்த்துச் சிரிக்க ஆளில்லை.

இந்த வசதி எமக்கும் எட்டக்கூடியது. 2022 நவம்பரில் வெளிவந்த சாட்ஜிபிடி போன்றவற்றைக் கைத்தொலைபேசியில் கட்டணமின்றியும் பாவிக்கலாம். டேட்டா செலவு மட்டும் உண்டு. தமிழில் எழுதினால் தமிழிலேயே பதில் வரும். குழுவில் ஒருவரிடம் தொலைபேசி இருந்தாலே போதும். இப்படி எழுதிப் பாருங்கள்:

"நீ கல்முனையில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் முதலாளி. நான் சத்துமா விற்க வந்திருக்கிறேன். விலையைக் குறைக்கக் கேள், கடனுக்கும் கேள். இலேசில் சம்மதிக்காதே. ஒரு தடவைக்கு ஒரு கேள்வி மட்டும் கேள். முடிவில் என் பேச்சின் குறைநிறைகளைச் சொல்."

ஆனால் அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. மா, பை, அரைகூலி, பஸ் காசு, உங்கள் உழைப்பு எல்லாவற்றையும் கொப்பியில் எழுதிக் கூட்டுங்கள். உதாரணமாக, ஒரு பைக்கற்றுக்கு 320 ரூபா செலவு, நீங்கள் சொல்லும் விலை 400 ரூபா என்று வைப்போம். முதலாளி 300 ரூபாவுக்குக் கேட்டால், ஒவ்வொரு பைக்கற்றிலும் 20 ரூபாவை நீங்களே கட்டி அவருக்குக் கொடுக்கிறீர்கள். இந்தக் கணக்குக் கையில் இருந்தால்தான், "அந்த விலைக்குக் கட்டாது காக்கா, ஐம்பது பைக்கற் எடுத்தால் 380 ரூபாவுக்குத் தாறன்" என்று நிதானமாகச் சொல்ல வரும்.

இயந்திரத்தின் குறைகளையும் அறிந்திருக்க வேண்டும். அதன் தமிழ் பெரும்பாலும் புத்தகத் தமிழ்; "என்னகா, இவ்வளவு விலையா?" என்று எங்களூர்ப் பெண்கள் கேட்பது போல் தானாகக் கேட்காது. எம்மைத் திருப்திப்படுத்தவே பார்க்கும். ஆகவே சீக்கிரம் இணங்கிவிடும். அக்கரைப்பற்றுச் சந்தையின் இன்றைய விலை அதற்குத் தெரியாது. தெரிந்தது போலச் சொன்னாலும் நம்பவேண்டாம். அடையாள அட்டை இலக்கம், வங்கிக் கணக்கு விபரம், குடும்பத்தின் துயரக் கதை எதனையும் அதற்குள் எழுத வேண்டாம்.

கென்யாவில் 640 சிறு வியாபாரிகளிடம் நடந்த ஓர் ஆய்வு எமக்குப் பாடமாகும். வட்ஸ்அப் மூலம் செயற்கை நுண்ணறிவின் வியாபார ஆலோசனை கிடைத்தவர்களில், ஏற்கெனவே நன்றாக நடத்தியவர்கள் முன்னேறினார்கள். கஷ்டப்பட்டு நடத்தியவர்களோ பின்தங்கினார்கள். ஆகவே இயந்திரத்திடம் பேசிப் பழகுவோம். விலையையும் முடிவையும் நாமே தீர்மானிப்போம்.

சில கேள்விகளுக்குச் சகோதரிகளிடையேதான் பழக வேண்டும். "வீட்டில் ஆம்பிளை இல்லையா?" என்று கடையில் கேட்கிறார்கள். அந்தக் கேள்வி பழைய காயத்தைத் தொடும். மனம் கலங்கினால் நடிப்பை அங்கேயே நிறுத்தி, பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளட்டும். பிறகு விடையைச் சேர்ந்து தேடலாம். "வியாபாரத்தை நான்தான் பார்க்கிறன், விலையைப் பேசுவோம்" என்ற ஒரு வசனம் போதும். அதற்கு மேல் யாருக்கும் விளக்கம் சொல்லும் கடமை எமக்கில்லை. தொந்தரவு தரும் கடைக்குத் தனியே போகாமல் இருவராகப் போவதும், தேவையானால் அக்கடையை விட்டுவிடுவதும் நல்லது.

சகோதரிகளே, அடுத்த குழுக் கூட்டத்தில் அரை மணித்தியாலம் இதற்காக ஒதுக்குங்கள். முதலில் கணக்கு, அடுத்து தொலைபேசியோடு பேச்சு, பிறகு ஒருவரோடொருவர். அதன்பின் கடைக்குப் போகும்போது பையை இறக்கி வைக்க முன்னரே உங்கள் விலையைச் சொல்லிவிடுங்கள்.