வீட்டுக்கு ஒரு பாஷை, சந்தைக்கு ஒரு பாஷை

கம்பம் பள்ளத்தாக்கிலே கப்பிலியர் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வீட்டில் கன்னடமும் வெளியில் தமிழும் பேசி வருகின்றன. போடிப் பக்கத்து ராஜகம்பளத்தார் வீடுகளிலோ தெலுங்கு. சந்தையில் பேரம் மட்டும் எல்லோருக்கும் தமிழில்தான்!

இத்தகைய ஊர்கள் பாஷை ஆராய்ச்சியாளருக்குப் பெரும் புதையல். மஹாராஷ்டிரத்துக் குப்வார் கிராமத்தைப் பற்றிக் கம்பெர்ஸும் வில்ஸனும் 1971-ல் வெளியிட்ட முடிவு விசித்திரமானது: அங்கே மராத்தி, உருது, கன்னடம் மூன்றும் சொற்களைத் தனித்தனியே வைத்துக்கொண்டு, வாக்கிய அமைப்பில் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டனவாம்.

நம் பள்ளத்தாக்கின் கன்னடத்தைத் தமிழ் எவ்வளவு மாற்றியிருக்கிறது? பள்ளியில் இடம்பெறாமல் பாட்டிமார் நாவில் வாழும் பேச்சு அது. பேரன் தமிழிலேயே பதில் சொல்லத் தொடங்கிவிட்டால் கேட்பதற்கு ஒன்றும் மிஞ்சாது. நம் கல்லூரி மாணவர்கள் ஒலிப்பதிவுக் கருவியுடன் இப்போதே கம்பத்துத் திண்ணைகளில் போய் உட்காரவேண்டும் என்பது நமது அபிப்பிராயம்.