முதலில் எர்த்தைப் பாருங்கள்

காரவள்ளியிலிருந்து கொல்லிமலை ஏற 70 கொண்டை ஊசி வளைவுகள். மூடுபனியில் அவற்றைக் கடந்து வாழவந்தி நாட்டுச் செம்மேட்டுக்குப் போகிறவருக்கு ஹாரனும் ஹெட்லைட்டும் உயிர் காப்பவை. புதுப்பித்த பழைய அம்பாஸடரில் பல சமயம் அவைதான் முதலில் மக்கர் செய்யும். பெயின்ட் பளபளக்கும், இன்ஜின் சீராக ஓடும், விளக்கு மட்டும் மஞ்சளாய் மங்கி எரியும்.

உடனே பேட்டரியை மாற்றுவார்கள். அப்புறம் பல்பு, அப்புறம் டைனமோ. பணம்தான் போகும்.

விளக்குக்கு மின்சாரம் ஒயரில் வருகிறது; திரும்பிப் போவது காரின் இரும்பு உடம்பு வழியாக. அதுதான் எர்த். எர்த் ஒயரை போல்ட் போட்டு இறுக்கிய இடத்தில் துருவோ களிம்போ ஏறினால் அந்த வழி அடைபடும். புதுப்பித்த காரில் புது பெயின்டே அதைச் செய்துவிடும். பெயின்ட் மின்சாரத்தைக் கடத்தாது. செல்ஃப் மோட்டார் 150 ஆம்பியர் இழுக்கும்போது 0.01 ஓம் தடை இருந்தாலே 1.5 வோல்ட் காலி. இழை பல்புக்கு வோல்ட் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் சுமார் 30 சதவீதம் குறையும்.

விளக்கை எரியவிட்டு மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வையுங்கள். ஒரு முனை பேட்டரியின் எர்த் பக்க ஈயத் தூணில், மறுமுனை விளக்கின் எர்த் ஒயரில். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. 1 வோல்ட் காட்டினால், மறுமுனையை இணைப்பு இணைப்பாக பேட்டரியை நோக்கி நகர்த்துங்கள். எந்த இணைப்பைத் தாண்டியதும் அளவு சட்டென்று விழுகிறதோ, கோளாறு அங்கேதான். விளக்கை அணைத்துவிட்டு ஓம் மட்டும் பார்ப்பதை நம்பாதீர்கள். மற்ற இழையெல்லாம் அறுந்து ஒன்றே மிஞ்சிய ஒயர்கூட அதில் தேறிவிடும்.

பிறகு கோளாறான இணைப்பைக் கழற்றி, இரும்பு பளிச்சென்று தெரியும்வரை உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி, மேலே வாசலின் தடவினால் போதும்.

அம்பாஸடர் பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வழி வந்தது. லூகாஸ் நிற முறைப்படி பழுப்பு ஒயர் பேட்டரியிலிருந்து நேராக வரும், வெள்ளை இக்னிஷன், கருப்பு எர்த். இடையில் யாராவது கிடைத்த ஒயரைப் போட்டிருக்கலாம் என்பதால் நிறத்தைவிட மீட்டரை நம்புங்கள். அந்தப் பரம்பரையில் பாசிட்டிவ் எர்த் வண்டிகளும் உண்டு. பேட்டரி மாட்டுமுன் பார்த்துக்கொள்ளுங்கள். இவ்வகைக் கார்களில் பழுப்பு ஒயருக்கு ஃபியூஸ் கிடையாது, ஷார்ட் ஆனால் ஒயரிங் முழுவதும் எரிந்துவிடும். ஒயரில் கைவைக்கும் முன் பேட்டரியின் எர்த் கேபிளைக் கழற்றிவிடுங்கள்.